செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் பூச்சிகளைப் படம் பிடிக்க: புதியவர்களுக்கு ஒரு மேக்ரோ வழிகாட்டி

பூச்சிகளை மிக நெருக்கத்தில் படம் எடுக்கும் மேக்ரோ கலையைப் பற்றி இணையத்தில் தேடினால், முதலில் கிடைப்பவை பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவைதான். இங்கிலாந்தின் தென்பகுதியில் ஹீத் எனப்படும் புதர்வெளிகள் உண்டு. ஆகஸ்ட் மாதத்தில் அங்கே ஹெதர் செடி ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும். கோடையிலும் விடியற்காலையில் நல்ல குளிர் இருப்பதால் தட்டானும் தேனீயும் உடம்பு விறைத்துச் செடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெயில் ஏறும்வரை அவற்றால் பறக்கவே முடியாது. அதனால் டிரைபாட் வைத்து, ஷட்டரை அரை நொடி, ஒரு நொடி திறந்துவைத்து, நிதானமாக எடுக்கச் சொல்கிறார்கள். அந்த ஊருக்கு அது சரி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நமக்கு இரவிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. பொழுது விடிந்து கொஞ்ச நேரத்திலேயே பூச்சிகள் வேலையைத் தொடங்கிவிடும். டிரைபாட்டை விரித்து முடிப்பதற்குள் எடுக்க வந்தது பறந்திருக்கும்.

ஆனால் அவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. கோடைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆண்டு முழுவதும் பூச்சி இருக்கிறது. அதுவும் காட்டுக்குள் போக வேண்டாம். லயத்து வீட்டுக்குப் பின்னால், தோட்டச் சாலை ஓரத்தில், தமிழ்ப்பள்ளி வேலிக்கு வெளியே இருக்கிறது. லென்ஸின் விலையைவிட, எந்தச் செடிக்கு எந்த நேரத்தில் எது வரும் என்ற அறிவுதான் இதில் பெரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

வளர்ந்த செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களுக்கு நடுவே போகாதீர்கள். உள்ளே இருட்டு, பூக்கும் செடிகளும் குறைவு. வெயிலும் நிழலும் சந்திக்கும் ஓரம்தான் நமக்கு வேண்டியது. தோட்டச் சாலையின் இரு பக்கம், தண்ணீர் நிற்கும் பாரிட் (வடிகால்) கரை, லாலான் புல் மண்டிய மேடு, மறுநடவு செய்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன இளம் மரங்கள் உள்ள பகுதி, பழைய கித்தா (ரப்பர்) மரங்கள் விட்ட இடத்தில் முளைத்த புதர் ஆகியவற்றைப் பாருங்கள். உண்ணிச்செடி, தொட்டாற்சிணுங்கி, செண்டுடுக் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் அங்கேயே நின்றுவிடலாம்.

இன்னொரு செடியையும் கண்டுபிடியுங்கள். பல தோட்டங்களில் சாலையோரமாக வரிசையாக ஒரு குட்டைச் செடியை நட்டிருப்பார்கள். வெளிறிய இதழ், நடுவில் மஞ்சளும் கருமையும் கலந்த கண். காலை எட்டு மணி வாக்கில் விரிந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். மலாய்க்காரர்கள் பூங்கா புக்குல் லாப்பான் என்பார்கள், செடிநூலில் டர்னெரா. கொடிரோஜாவையும் மஞ்சள் பூ பூக்கும் ஒரு வகைக் கஸ்ஸியாவையும் இதே நோக்கத்தோடு நடுவார்கள். அழகுக்காக அல்ல. செம்பனை ஓலையைத் தின்னும் புழுக்களைக் கொல்லும் குளவிகளுக்கும் நாவாய்ப்பூச்சிகளுக்கும் இந்தச் செடிகள் தேனும் தங்கும் இடமும் தருகின்றன. அவை பெருகினால் மருந்தடிப்பது குறையும். ஆகவே பத்து மீட்டர் டர்னெரா வரிசை இருக்கும் இடத்தில், தேன் குடிக்க வந்தவை, வந்தவற்றைப் பிடிக்க வந்தவை, இலையைத் தின்பவை எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். புதியவர்கள் முதல் சில வாரங்கள் இந்த ஒரு வரிசையை விட்டு நகராமல் இருந்தாலே போதும். தினம் ஓர் இடம் என்று அலைபவர்களுக்கு ஒரு பூச்சியின் பழக்கமும் பிடிபடாது.

அனுமதியும் பாதுகாப்பும்

தோட்டம் தனியார் சொத்து. குலை திருட்டு நடக்கும் இடங்களில், விடியற்காலையில் பையோடு புதருக்குள் குனிந்திருப்பவரைக் கண்டால் ஜாகா (காவலர்) சந்தேகப்படுவது இயல்புதான். முதல் நாள் படம் எடுக்கப் போகாதீர்கள். ஆபீசுக்குப் போய் மேனேஜரையோ கிராணியையோ (எழுத்தரையோ) பார்த்து, என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் எடுத்த ஒன்றிரண்டு படங்களைக் காட்டினால் இன்னும் நல்லது. வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடமும் பேசிவையுங்கள். "நாளைக்கு இந்தப் பக்கம் மருந்து அடிக்கிறோம், தம்பி. அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லக்கூடியவர் அவர்தான். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை. ஆனாலும் வேறு களைக்கொல்லிகள் பயன்பாட்டில் உள்ளன. மருந்தடித்த பகுதியில் முட்டி போட்டு, முழங்கையை ஊன்றிப் படம் எடுப்பது உடம்புக்குக் கேடு. அங்கே பூச்சியும் இருக்காது.

வெட்டிப்போட்ட ஓலைக் குவியல் மேல் ஏறாதீர்கள், கையையும் விடாதீர்கள். எலி அங்கே தங்கும், எலியைத் தேடி நாகம் வரும். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், நீளக்கை சட்டை, தலையில் தொப்பி. அடர் நிற உடை நல்லது. பளிச்சென்ற வெள்ளைச் சட்டை பூச்சியையும் விரட்டும், வண்டின் முதுகிலும் பிரதிபலிக்கும்.

கொசுவுக்குத் தடவும் மருந்தில் டீட் என்ற பொருள் இருந்தால் கவனம். அது சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும். கேமராவின் ரப்பர் பிடி பிசுபிசுத்துப் போகும், லென்ஸ் பூச்சும் கெடலாம். கழுத்திலும் காலிலும் தடவிவிட்டு, உள்ளங்கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே கேமராவைத் தொடுங்கள். சார்லி பூச்சி கையில் ஏறினால் நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். ஆரஞ்சும் கருப்புமாக எறும்பு போலத் தெரியும் அந்த வண்டை நசுக்கினால் வெளிவரும் நஞ்சு தோலைக் கொப்பளிக்க வைத்துவிடும். முள் நிறைந்த பச்சைப் புழுக்களையும் தொடாமல் எடுங்கள். தெபுவான் குளவிக் கூட்டைக் கண்டால் அன்று அந்தப் பக்கமே வேண்டாம். பிற்பகலில் இடி உறுமத் தொடங்கினால் பையைக் கட்டிவிடுங்கள். திறந்த வெளியில் உலோகக் கம்போடு நிற்கும் நேரம் அதுவல்ல.

தனியாகப் போவதானால் எந்த டிவிஷன், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

நேரம்

நம் பக்கத்தில் சூரியன் ஏழு மணியை ஒட்டி எழும். ஏழு முதல் ஒன்பது வரைதான் பொன்னான நேரம். பனித்துளி இலையில் இருக்கும், காற்று இருக்காது, ஒளி சாய்வாக விழும். பத்து மணிக்கு மேல் எல்லாம் சுறுசுறுப்பாகிவிடும். படமும் வெளிறிப்போகும், நமக்கும் தலைவலி வரும். மாலை ஐந்தரைக்குப் பிறகு மறுபடி ஒரு நல்ல வேளை உண்டு, மழை விட்டுவைத்தால். மழைக்கு மறுநாள் காலை, குறிப்பாக இரண்டு மூன்று நாள் வறட்சிக்குப் பிறகு பெய்த மழையானால், தவறவே விடாதீர்கள்.

குளிர்நாட்டு வழிகாட்டிகள் சொல்வதில் ஒன்று மட்டும் இங்கேயும் அப்படியே பொருந்தும். தூங்கும் பூச்சியைத் தேடுங்கள். இங்கே அவை குளிரால் விறைப்பதில்லை. ஆனாலும் தூங்கத்தான் செய்கின்றன. ஆறரை மணிக்குத் தலைவிளக்கோடு லாலான் மேட்டின் ஓரத்தில் மெல்ல நடந்து, காய்ந்த தண்டுகளை மட்டும் பாருங்கள். நீலப்பட்டைத் தேனீக்கள் அப்படிப்பட்ட ஒரு தண்டில்தான் இரவைக் கழிக்கும். காலால் அல்ல, வாயால் பிடித்துக்கொண்டு. தாடைகள் தண்டைக் கவ்வியிருக்க, உடம்பு பக்கவாட்டில் நீட்டி நிற்கும், கால்கள் மடங்கியிருக்கும். ஒரே தண்டில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல இருப்பதும் உண்டு. வயிற்றின் கருப்பில் நீலப் பட்டைகள், முதுகில் பழுப்பு மயிர், அந்த மயிர் முனைகளில் பனி. வெளிச்சம் கூடக் கூட முதலில் உணர்கொம்பு அசையும். பிறகு முன்கால் இறங்கிக் கண்ணைத் துடைக்கும். வயிறு விரிந்து சுருங்கத் தொடங்கினால், பறக்கப் போகிறது என்று பொருள். அந்த இடைவெளியில் உங்களுக்கு எத்தனையோ படம் கிடைக்கும். மறுநாளும் பெரும்பாலும் அதே இடத்துக்கே வரும். ஆகையால் தண்டை உடைக்காதீர்கள், அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி

இந்தப் பகுதியில் அதிகம் தங்கப் போவதில்லை. கடைக்காரர்கள் உங்களுக்கு வேண்டிய அளவுக்குச் சொல்வார்கள்.

கைப்பேசி மட்டும் இருந்தால் ஒரு கிளிப் மேக்ரோ லென்ஸ் வாங்குங்கள். மலிவான விலையிலேயே கிடைக்கும். பூச்சிக்குச் சில சென்டிமீட்டர் வரை நெருங்க வேண்டியிருக்கும் என்பதால், தூங்கும் பூச்சி, புழு, வண்டு ஆகியவற்றுக்குத்தான் ஏற்றது. பழைய டிஎஸ்எல்ஆர் இருந்தால் ஜூம் லென்ஸின் முன்னால் மாட்டும் ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற உருப்பெருக்கி லென்ஸ் போதும். 8 டயாப்டர் சக்தி கொண்டது. லென்ஸைத் தொலைவுக்கு ஃபோகஸ் வைத்தால், முன்னால் 12 சென்டிமீட்டர் சுமாரில் இருக்கும் பூச்சி துல்லியமாகத் தெரியும். 100 மில்லிமீட்டர் நீளத்தில் 0.8 மடங்கு உருப்பெருக்கம், 200இல் அதன் இரட்டிப்பு. 50 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்திருப்பவர்கள் 50 மில்லிமீட்டர் நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்) சேர்த்தால் 1:1 கிடைக்கும்.

1:1 என்றால் என்ன? பூச்சி எவ்வளவு பெரியதோ அதே அளவில் அதன் பிம்பம் சென்சாரில் விழுவது. ஃபுல்ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். ஆகவே 36 மில்லிமீட்டர் நீளப் பூச்சி படத்தை நிரப்பிவிடும். 90 முதல் 105 மில்லிமீட்டர் வரையிலான உண்மையான மேக்ரோ லென்ஸ் வாங்கக் காசு சேர்ந்தால் வாங்குங்கள். அதற்கு முன்னால் ஒரு ஃபிளாஷ் வாங்குங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஒளிதான் படம்

ஏன் ஃபிளாஷ் முதலில் என்று சொல்கிறேன். 1:1 உருப்பெருக்கத்தில், எஃப் 11 துவாரத்தில் (லென்ஸுக்குள் ஒளி நுழையும் திறப்பு; எஃப் எண் கூடினால் அது சிறிதாகும்), துல்லியமாகத் தெரியும் ஆழம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. தேனீயின் ஒரு கண் அடங்கும், அவ்வளவுதான். ஆழம் வேண்டுமென்று துவாரத்தை இன்னும் சிறிதாக்கினால் ஒளி போதாது. அத்துடன், இவ்வளவு நெருக்கத்தில் எஃப் 11 என்பது நடைமுறையில் எஃப் 22 ஆகிவிடுகிறது, அதற்கு மேல் போனால் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்‌ஷன்) படமே மங்கும். ஓலை நிழலில், கையில் பிடித்த கேமராவில், அசையும் இலையில் இருக்கும் பூச்சிக்கு இயற்கை ஒளி எட்டாது. ஃபிளாஷ் இந்தக் கணக்கைத் தீர்த்துவிடுகிறது. குறைந்த சக்தியில் அது மின்னும் நேரம் பல ஃபிளாஷ்களில் ஏறக்குறைய 1/10000 நொடி. உங்கள் கைநடுக்கமும் காற்றும் அதில் தெரியவே தெரியாது.

ஆனால் மூடாத ஃபிளாஷை வண்டின் மேல் அடித்தால் முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டும் சுற்றிலும் கருநிழலும்தான் மிஞ்சும். ஒளியைப் பெரிதாக்கி, மென்மையாக்கி, பூச்சிக்கு அருகே கொண்டுவர வேண்டும். அதற்கு டிஃப்யூசர். வீட்டிலேயே செய்யலாம். மின்சாதனப் பெட்டிக்குள் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாளை எடுத்து வையுங்கள். ஒரு அட்டையைக் கூம்பு போல மடித்து, உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டி, அகன்ற வாயில் இந்த ஃபோமைப் பொருத்துங்கள். ஃபிளாஷ் தலையில் கூம்பின் குறுகிய பக்கத்தை மாட்டினால், அகன்ற வாய் லென்ஸின் முனைக்கு மேலே குடை போல வந்து குனிய வேண்டும். ஃபோமை இரண்டு தாள்களாக வைத்து, நடுவே ஒரு விரற்கடை இடைவெளி விட்டால் ஒளி இன்னும் சீராகும். சரியாக அமைந்ததா என்று பார்க்க, ஒரு பளபளப்பான பொன்வண்டையோ, அது கிடைக்காவிட்டால் ஒரு கருப்புப் பொத்தானையோ படம் எடுங்கள். முதுகில் சிறு பொட்டாகத் தெரிந்தால் டிஃப்யூசர் போதவில்லை. ஓரங்களில் மெல்லக் கரையும் அகலமான வெண்மையாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. இந்த ஒரு காரியத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தாலும் தகும்.

தொடக்க அளவுகள் இவை: மேனுவல் மோடு, ஷட்டர் 1/200 அல்லது உங்கள் கேமரா ஃபிளாஷோடு ஏற்கும் உச்சம், துவாரம் எஃப் 8 முதல் எஃப் 11 வரை, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200 முதல் 400 வரை, ஃபிளாஷ் 1/16 சக்தியில். வெளிச்சம் கூடினாலோ குறைந்தாலோ ஃபிளாஷை மட்டும் மாற்றுங்கள். பின்னணி கன்னங்கரேலென்று வந்தால், ஃபிளாஷ் ஒளி பின்னால் எட்டவில்லை என்று அர்த்தம். ஓர் அகன்ற பச்சை இலையைப் பூச்சிக்கு ஒரு சாண் பின்னால் வரும்படி கோணத்தை மாற்றுங்கள், அல்லது ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றி, ஷட்டரை 1/100க்கு இறக்குங்கள். பகல் பூச்சிக்குக் கருப்புப் பின்னணி எனக்குப் பிடிப்பதில்லை. அது எங்கே, எந்தச் செடியில் வாழ்கிறது என்பதைப் படம் சொல்ல வேண்டும்.

கைப்பேசிக்காரர்கள் ஃபிளாஷைத் தொடவே வேண்டாம். வெள்ளைக் குடையை வெயிலுக்கு மறைப்பாகப் பிடித்து அதனடியில் எடுங்கள்.

நெருங்குவதும் ஃபோகஸும்

உங்கள் நிழல் பூச்சியின் மேல் விழக்கூடாது. இதைக் கடைப்பிடித்தாலே பறந்தோடுபவை பாதியாகக் குறையும். நேராக நடந்து போகாமல், பூச்சியின் உயரத்துக்கு முதலில் குனிந்து, பிறகு முன்னேறுங்கள். பக்கவாட்டு அசைவை அவை உடனே கண்டுகொள்ளும். முன்னோக்கி மெதுவாக வருவதை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. பூச்சி உட்கார்ந்திருக்கும் தண்டை உங்கள் கால் அசைக்காதபடி அடி வையுங்கள். தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்துவிடுங்கள், பிறகு ஓரடி, மறுபடி ஒரு படம். பறந்துவிட்டாலும் என்ன பூச்சி என்று பெயர் கண்டுபிடிக்க அந்த முதல் படம் உதவும்.

ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். எவ்வளவு உருப்பெருக்கம் வேண்டுமோ அதை லென்ஸில் முதலில் வைத்துக்கொண்டு, உங்கள் உடம்பையே மெல்ல முன்னும் பின்னும் சாய்த்து, கண் கூர்மையாகத் தெரியும் நொடியில் அழுத்துங்கள். இடக்கையால் செடியின் தண்டைப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸை வைத்தால், செடியும் கேமராவும் ஒன்றாகவே அசையும். காற்றடித்தாலும் ஃபோகஸ் தவறாது. தூங்கும் தேனீ போன்ற மிக அமைதியான பூச்சியிடம் மட்டும் இதைச் செய்யுங்கள். மூச்சை வெளியே விட்டு நிற்கும் இடைவெளியில் அழுத்துங்கள்.

கண் மங்கலானால் அந்தப் படத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். வயிறு, இறக்கை, கால் எது மங்கினாலும் பரவாயில்லை. தட்டான், ஊசித்தட்டான் போன்ற நீளப் பூச்சிகளுக்கு, அதன் உடம்பு சென்சாருக்கு இணையாக இருக்கும்படி சரியாகப் பக்கவாட்டில் நில்லுங்கள். ஆழம் குறைவாக இருந்தாலும் தலை முதல் வால் வரை தெளிவு கிடைத்துவிடும். மேலேயிருந்து கீழ்நோக்கி எடுக்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். முட்டி போட்டு அதன் கண்மட்டத்துக்கு இறங்கினால்தான் அதற்கு ஒரு முகம் இருப்பது தெரியும்.

ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்ற முறை, கண் முதல் வயிறு வரை சிறிது சிறிதாக ஃபோகஸை நகர்த்திப் பல படங்கள் எடுத்து, பின்னர் ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டேக்கர் போன்ற மென்பொருளில் ஒன்றாக இணைப்பது. தூங்கும் பூச்சிக்கு அருமையாக வரும். முதலில் ஒற்றைப் படத்தை நன்றாக எடுக்கப் பழகிவிட்டு அதற்குப் போங்கள்.

எதில் தொடங்கலாம்

முதலில் புழு. சிறுபூனைக்காலிக் கொடியைத் தேடுங்கள், வலை போன்ற பச்சை உறைக்குள் சின்னப் பழம் இருக்கும். அதில் கிளைத்த முட்களோடு செம்பழுப்புப் புழுக்கள் இருந்தால், அவை டானி கோஸ்டர் என்ற ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகளாக இருக்க வாய்ப்பு அதிகம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக இருந்த அது, தாய்லாந்து வழியாகத் தெற்கே பரவி 2006இல் சிங்கப்பூரை எட்டியது. மெதுவாகப் பறக்கும், அடிக்கடி உட்காரும். புழு, கூடு, வண்ணத்துப்பூச்சி மூன்றையும் ஒரே கொடியில் தொடர்ந்து எடுக்கலாம். புதியவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

அடுத்து, பாரிட் கரைத் தட்டான்கள். பறக்கும்போது துரத்தாதீர்கள். ஒரு தட்டான் எந்தக் குச்சியிலிருந்து எழுந்ததோ அதே குச்சிக்குத் திரும்பி வரும். குச்சிக்கு ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். கொள்ளைக்கார ஈயும் அப்படித்தான். சில சமயம் இரையோடு வந்து அமரும், தின்னும்போது நகராது.

டர்னெரா வரிசையில் நின்று பழகியவர்களுக்குக் கிடைக்கும் காட்சி ஒன்று உண்டு. செம்பனை ஓலையைச் சுரண்டித் தின்னும் உலாட் பூங்குஸ் என்ற பைப்புழு, காய்ந்த ஓலைத் துணுக்குகளை நூலால் தைத்து, சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளப் பைக்குள் தன்னை ஒளித்துக்கொள்ளும். தொட்டால் பை வாயை இறுக்கிக்கொள்ளும். அந்தப் பையைத் துளைக்கத் தெரிந்த ஒன்று இருக்கிறது: சைக்கானஸ் என்ற கொலைகார நாவாய்ப்பூச்சி. நீளக் கழுத்து, ஒடுங்கிய தலை, வளைந்த ஊசி போன்ற அலகு. பையருகே வந்ததும் உணர்கொம்பால் தட்டிப் பார்க்கும். பிறகு முன்கால்களால் பையை அணைத்து, அலகை முன்னே நீட்டி, நெய்த உறைக்குள் மெல்ல இறக்கும். செரிக்க வைக்கும் நீரை உள்ளே செலுத்தி, கரைந்ததை உறிஞ்சும். இது நீண்ட நேரம் நடக்கும், அதற்குள் நீங்கள் பக்கவாட்டுக்குப் போய், அலகும் கண்ணும் ஒரே தளத்தில் வரும்படி நிற்கலாம். செடியை ஏன் நட்டார்கள் என்பதற்கு இந்த ஒரு படம் போதும்.

கெரெங்கா எறும்புக் கூட்டை எடுப்பவர்கள் கூட்டைத் தொடும் கிளையில் சாயக்கூடாது, கடித்த இடத்தில் அமிலமும் தெளிக்கும். இலைகளை இழுத்துப் பிடித்து நிற்கும் எறும்புகளையும், தங்கள் புழுக்களை வாயில் கவ்வி அதன் பட்டு நூலால் இலையைத் தைக்கும் எறும்புகளையும் எடுக்கப் பாருங்கள். கூட்டத்தில் ஒன்று மட்டும் தனியாக, தயங்கித் தயங்கி நடந்தால், கால்களை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது கெரெங்கா வேடத்தில் இருக்கும் குதிக்கும் சிலந்தி.

கை நன்றாகப் பழகிய பிறகு எடுக்க வேண்டியது, செம்பனைத் தோட்டத்தின் மிகச் சிறிய உழைப்பாளியை. 1981க்கு முன்பு மலேசியத் தோட்டங்களில் செம்பனைக்கு மகரந்தச் சேர்க்கையை மனிதக் கைகள்தான் செய்தன. மகரந்தத் தூளைக் கருவியில் நிரப்பி ஒவ்வொரு பெண் பூங்கொத்திலும் ஊதிவிட்டு வரும் வேலை அது. ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் வல்லுநர், ஆப்பிரிக்காவில் அந்த வேலையைச் செய்வது கூன்வண்டுதான் என்று நிறுவினார். கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்த வண்டு 1981இல் ஜொகூர் குளுவாங் பகுதியில் விடப்பட்டது. கைமகரந்த வேலை அதோடு முடிந்தது. உங்கள் பாட்டியோ அம்மாவோ அந்த வேலை செய்தவராக இருந்தால், படத்தை அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், அவர்கள் சொல்வதையும் எழுதி வையுங்கள்.

அந்த வண்டைக் கண்டுபிடிக்க மூக்கு போதும். இளம் மரத்தில், இடுப்பு உயரத்தில், விரல்கள் போல நீண்ட ஆண் பூங்கொத்து மலர்ந்திருக்கும் நாட்களில் சோம்பு வாசனை வரும். அருகே போனால், மஞ்சள் மகரந்தத்துக்குள் பழுப்பு வண்டுகள் நூற்றுக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். 1:1இல் படத்தின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் நிரம்பும். எக்ஸ்டென்ஷன் டியூபோடு ரேநாக்ஸையும் சேர்த்து இரண்டு மடங்குக்கு மேல் போக வேண்டும். அந்த அளவில் ஆழம் அரை மில்லிமீட்டர் சுமார். மகரந்தம் ஒட்டிய மூக்கையும் கண்ணையும் மட்டும் குறிவையுங்கள். ஓலைக் காம்பின் முட்கள் கையைக் கிழிக்கும், கையுறை போடுங்கள்.

செய்யக்கூடாதவை

அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியைப் பிடித்துக் குளிர்பெட்டியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பல நேரம் அது செத்துப்போகும், பிழைத்தாலும் அது இயற்கையாக நிற்கும் நிலை படத்தில் வராது. பசை தடவுவது, கால் ஒடிப்பது, கூட்டைப் பிரிப்பது எதுவும் வேண்டாம். படத்துக்கு இடையூறான புல்லைக் கிள்ளாமல் ஓரமாக வளைத்துத் துணிக் கிளிப்பால் பிடித்து, முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குப் பெரிய எதிரி பூஞ்சை. கேமராவை வேர்த்த பையிலேயே விட்டுவிட்டால் சில மாதங்களில் கண்ணாடிக்குள் சிலந்திவலை போல் படர்ந்துவிடும். மென்துணியால் துடைத்து, ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்கும் டிரை கேபினட்டில் வையுங்கள். அது இல்லாவிட்டால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் ஓர் ஈரப்பத மானியும் போதும். ஏர்கோன் போட்ட காரிலிருந்து இறங்கியவுடன் கேமராவை வெளியே எடுக்காதீர்கள், ஆவி படியும். பை மூடியபடியே வெளிக்காற்றில் சற்று நேரம் இருக்கட்டும்.

படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்து, கண் கூர்மையானதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழியுங்கள். ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்திருந்தால் வெளிச்சத்தைச் சரிசெய்ய இடம் இருக்கும். ஷார்ப்பன் செய்வதைக் கண்ணோடு நிறுத்துங்கள், பின்னணி முழுவதும் செய்தால் மணல் தூவியது போலாகிவிடும்.

பெயர் தெரியாத பூச்சிகளை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் பல நாட்டு வல்லுநர்கள் பார்த்துச் சொல்வார்கள். ஒரே படம் போதாது. முதுகு, பக்கவாட்டு, முகம் மூன்றும், அது இருந்த செடியும் வேண்டும். இடம், தேதி, மணி, செடியின் பெயர், என்ன செய்துகொண்டிருந்தது என்பதைக் கோப்புப் பெயரோடு சேர்த்துத் தமிழிலேயே எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே பூச்சியைத் தேடும்போது எந்த வாரத்தில் எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்பதை அந்தக் குறிப்பேடு சொல்லிவிடும்.